ஜாடையும் சான்றும்

ஜாடை என்ற சொல்லுக்கு அகராதியில் சைகை, குறிப்பு, சாயல் என்றெல்லாம் பொருள் கிடைக்கும். கரிசல் கிராமங்களில் அது ஒரு பேச்சு முறை. அடுத்த வீட்டோடு பேச்சு முறிந்துபோன ஒருத்தி, தன் வாசலில் கிளைத்துக்கொண்டிருக்கும் கோழியைப் பார்த்து, 'இரை தின்ன ஒரு வீடு, முட்டை போட ஒரு வீடு' என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள். அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் ஒரு கணம் நின்று, முன்னிலும் பலமாகத் தொடரும். விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவள் சண்டைக்கு வந்தால், 'நான் என் கோழியைச் சொன்னேன், உனக்கு ஏன் உறைக்குது?' என்று கேட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். நேர்ச்சண்டையும் வேண்டாம், உள்ளுக்குள் வைத்துப் புழுங்கவும் வேண்டாம் என்று நினைக்கிற ஒரு சமூகம், பல தலைமுறைகளாகப் பழகிச் செப்பனிட்டு வைத்திருக்கும் சாதனம் இது.

சாதனம் சில நிபந்தனைகளின்மேல் நிற்கிறது. யாரைச் சொல்கிறோம் என்பது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். சொன்னவளுக்குப் பின்வாங்க ஒரு வழி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன சொல் காற்றோடு போய்விட வேண்டும். மறுநாள் இரண்டு பேரும் ஒரே புஞ்சைக்குப் பருத்தி எடுக்கப் போகவேண்டியவர்கள். நேற்றைய சொல் எழுத்தில் நின்றுகொண்டிருந்தால் அது சாத்தியமில்லை.

வாட்ஸ்அப் வந்தபோது, அதில் இருக்கும் ஸ்டேட்டஸ் என்ற பகுதியை எங்கள் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜாடைக்கென்றே செய்த மாதிரி இருந்தது அது. பெயர் போட வேண்டாம். சேரவேண்டியவர் பார்த்தாரா என்று அறியப் பார்த்தவர்களின் பட்டியல் இருக்கிறது. பாத்திரச் சத்தம் நிற்கிறதா என்று காதைக் கொடுக்காமல், பட்டியலில் நாத்தனார் பெயரைத் தேடினால் போதும். 24 மணி நேரத்தில் தானே மறைந்தும் போகிறது. கோழி இருந்த இடத்தில் இப்போது ஒரு பூப்படமும் அதன்மேல் இரண்டு வரியும். எல்லாம் சரிதான், மறைந்துபோகிறது என்ற ஒன்று மட்டும் நிஜமில்லை. பார்த்தவர்களில் ஒருவர் அதை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். காற்றோடு போகவேண்டிய சொல் தேதியோடும் நேரத்தோடும் உறைந்துவிடுகிறது.

என்னை மாமா என்று கூப்பிடும் பெண்கள் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பலர். அவர்களில் ஒருத்தியின் விவாகரத்து வழக்கை இரண்டு வருஷத்துக்கு மேல் கூடவே இருந்து பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதியவன், கவிதைப் பத்திரிகைகளுக்குப் புரூஃப் திருத்தியவன் என்ற தகுதியில், வீட்டுக்கு வந்த காகிதங்களை முதலில் படிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வழக்கு இப்போது முடிந்துவிட்டது. எந்த நீதிமன்றம், அவள் எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறாள் என்று சொல்லப்போவதில்லை. சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். அறைக்குள் பேசப்பட்டது எதுவும் இதில் வராது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கொடுமை என்ற காரணத்தைக் காட்டி மனுப்போட்டது அவள்தான். கணவன் தரப்பின் எதிருரையோடு ஒரு கட்டு கலர் ஜெராக்ஸ் வந்தது. அவள் நாலைந்து வருஷமாகப் போட்ட ஸ்டேட்டஸ்களும் ஃபேஸ்புக் படங்களும். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டியபோது, நான் இதுவரை படித்த எந்தத் தொகுப்பையும்விட விசித்திரமான தொகுப்பு இது என்று பட்டது. எழுதியவள் ஒருத்தி, தொகுத்தவன் அவளுடைய எதிரி, வாசகர் ஒரு நீதிபதி.

ஒரு பக்கத்தில் செம்பருத்திப் படம். அதன்மேல், 'முகத்துக்கு ஒரு பேச்சு, முதுகுக்கு ஒரு பேச்சு. சிலருக்குப் பிழைப்பே இதுதான்.' மாமியாரை உறவினர் அறிய அவமானப்படுத்தினாள், மனரீதியான கொடுமை செய்தவள் அவளே என்பதற்கு இது சான்று.

'நான் யாரு பேரையும் சொல்லலியே மாமா' என்றாள்.

'சொல்லாட்டா என்ன தாயி, அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கே.'

'தெரியணும்னுதானே போட்டேன்' என்றவள், சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஜாடையின் சாமர்த்தியம் முழுக்க அந்த நிறுத்தத்தில் சரிந்தது. கோழியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் இடம் குறுக்கு விசாரணையில் கிடையாது. 'இது யாரைக் குறித்து எழுதியது?' என்று சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்பார்கள். யாரையுமில்லை என்றால் பொய்; மாமியாரை என்றால் ஒப்புதல். நாம் வெகுகாலமாக ஒரு படைப்பில் சொல்லப்படாமல் நிற்பதுதான் முக்கியம் என்று வாதித்து வந்திருக்கிறோம். சொல்லப்படாததை எழுதியவர் வாயாலேயே சொல்லவைக்கும் வாசகரும் இருக்கிறார் என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இன்னொரு பக்கத்தில் கல்யாண நாள் வாழ்த்து. இரண்டு பேரும் கோவில் பிரகாரத்தில் நிற்கிற படம், சுற்றிலும் இதயச் சின்னங்கள். அவள் மனுவில் அடி வாங்கியதாகச் சொல்லியிருந்த அதே மாதம். அந்தப் படம் ஏன் போடப்பட்டது என்பது எங்கள் பக்கத்துப் பெண் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. போடாவிட்டால் மாலைக்குள் நாலு பேர் போன் செய்து 'என்ன, வீட்டில் ஏதாவது பிரச்னையா' என்று கேட்பார்கள். பிரச்னை இருக்கிற வீட்டில்தான் வாழ்த்து இன்னும் பெரிதாக, இன்னும் காலையிலேயே போடப்படுகிறது. படம் சொல்வதற்கு நேர் எதிரானதைத்தான் அதன் சூழல் சொல்கிறது. ஆனால் சூழலை ஜெராக்ஸ் எடுக்க முடியாது.

இது சட்டத்துக்குப் புதிய சங்கதி அல்ல. கைபேசிக்கு முன் கடுதாசி இருந்தது. 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தாஸ்தானே வழக்கில் கணவன், மனைவி, குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் முக்கியமான சான்றுகளாக அலசப்பட்டன. மனைவியின் நடத்தை கொடுமை என்ற அளவுக்குப் போனது என்று கண்ட நீதிமன்றம், அதற்குப் பிறகும் கணவன் அவளோடு இயல்பாக வாழ்ந்து அதை மன்னித்துவிட்டான் என்று முடிவுசெய்து அவன் கோரிக்கையை மறுத்தது. மணவழக்குகளில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, எந்தப் பக்கம் சாத்தியம் அதிகமோ அதுவே போதும் என்று வகுத்ததும் அந்தத் தீர்ப்புதான். கொடுமையை மன்னித்தவர் அதே கொடுமையைக் காரணம் காட்ட முடியாது என்பது இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. ஊர் வாயை அடைக்கப் போட்ட வாழ்த்து, மன்னித்ததற்கு அடையாளமாக வாதிடப்படுவது இந்த வழியாகத்தான். சாத்தியங்களை எடைபோடும் தராசில் ஒரு இதயச் சின்னத்துக்கும் எடை உண்டு.

மூன்றாவது, ஒரு கல்யாண வீட்டுப் படம். கழுத்தில் இரண்டு வடச் சங்கிலி, கையில் நெளி வளையல்கள். இவளுக்கு வசதி இருக்கிறது, ஜீவனாம்சம் எதற்கு என்பது வாதம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் வழக்கில் சொன்ன பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். அவள் பத்திரத்தில் சங்கிலி இல்லை, படத்தில் இருக்கிறது. அது இரவல் நகை. சித்தி மகளுடையது. வெறுங்கழுத்தோடு விசேஷத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக நகை கைமாறுவது இந்த வானம் பார்த்த பூமியில் விதைத் தானியம் கைமாறுவதைப் போலச் சாதாரணம். கௌரவத்துக்காகப் பூட்டிக்கொண்டது வருமானமாகப் படிக்கப்படுகிறது.

இனி, காரணம். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இந்த வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடக்கவேண்டும் என்கிறது. விசாரணை சம்பந்தப்பட்ட எதையும் அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். அனுமதியோடு வெளியாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் விலக்கு. அபராதம் 1000 ரூபாய் வரைதான். தொகை சிறிதாக இருப்பதால் பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமும், ஒரு தரப்பு விரும்பினாலே விசாரணை மூடிய அறையில் நடக்கவேண்டும் என்கிறது. வாய்தாவுக்குப் போய்வந்த அன்று 'இன்னிக்குக் கோர்ட்டில் உண்மை ஜெயித்தது' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர், தன் வழக்கைச் சுற்றிச் சட்டம் எழுப்பியிருக்கும் சுவரைத் தானே இடிக்கிறார்.

இந்தச் சுவர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி, தாய் என்று உறவு மட்டும் நிற்கும், ஆள் மறைந்துவிடுவார். பெயர் வந்துவிட்டால் அது அகம் இல்லை. இரண்டு பேருக்கு இடையில் நடப்பதைப் பேசவும் வேண்டும், அந்த இரண்டு பேரையும் காப்பாற்றவும் வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து பிறந்த விதி அது. மூடிய அறைக்கும் அதே நெருக்கடிதான் ஆதாரம். நானும் பெயரற்ற ஒரு பெண்ணாகவே அவளை இங்கே நிறுத்துகிறேன். ஸ்டேட்டஸ் செய்வது இதன் போலி. அங்கும் பெயர் இல்லைதான். ஆனால் அதைப் படிக்கிற முந்நூறு பேருக்கும் பெயர் தெரியும். அகத்தின் உடையை மாட்டிக்கொண்டு அலர் நடமாடுகிறது.

மூடிய அறை இருந்தாலும், அதற்குள் எதைக் கொண்டுபோகலாம் என்பது தீர்ந்த பிரச்னையாக இல்லை. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், கணவன் மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களை அவளுக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்தான். 2024 அக்டோபர் 30ஆம் தேதி மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். அந்தரங்கம் என்ற அடிப்படை உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற சான்று செல்லாது, நம்பிக்கையே தாம்பத்தியத்தின் அஸ்திவாரம், வேவு பார்ப்பது அதை அழிக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. எங்கள் பக்கத்து மேல்முறையீடுகள் போய்ச் சேரும் இடம் மதுரைக் கிளை. ஆகவே அந்தச் செய்தி இங்கே டீக்கடை வரை வந்தது.

அது நெடுநாள் நிற்கவில்லை. பஞ்சாபில் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவன் ரகசியமாகப் பதிவுசெய்து கொடுத்திருந்தான். உயர் நீதிமன்றம் 2021இல் அதை நிராகரித்தது. 2025 ஜூலை 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை ரத்துசெய்தது. தம்பதிகளுக்கு இடையே நடந்த பேச்சை வெளிப்படுத்தக் கூடாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவே, அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் தொடுக்கும் வழக்கில் விதிவிலக்குத் தருகிறது என்றது. வேவு பார்ப்பதை அனுமதித்தால் இல்லறம் கெடும் என்ற வாதத்துக்கு அதன் பதில் வேறு திசையில் இருந்தது: ஒருவரை ஒருவர் உளவு பார்க்கும் கட்டத்துக்கு வந்திருந்தால், அந்த உறவு ஏற்கெனவே உடைந்திருப்பதன் அறிகுறியே அது. மதுரை, வேவு பார்ப்பதை நோயின் காரணமாகக் கண்டது. டெல்லி அதை நோயின் அடையாளமாகக் கண்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாதாரண மனுஷிக்கு அர்த்தமாவது ஒன்றுதான். பேசியதும் எழுதியதும் ஒருநாள் மேஜைக்கு வரும்.

இதைத் தெரிந்துகொண்டதும் அவள் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'மச்சான் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் மாமா. உள்ள போயி எல்லாத்தையும் எடுத்துருவேன். இல்லன்னா ஒரு பொண்ணு பேருல ஐடி போட்டு அவுகளைப் பேச வைப்பேன். சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கிட்டாகளே!' வக்கீல் அம்மாள் சிரிக்கவில்லை. சான்றாக ஏற்றுக்கொள்வது வேறு, அதை எடுத்த செயல் குற்றமில்லை என்பது வேறு. அடுத்தவருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று தனிப்பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை என்று சொன்னார். 'அக்காவைக் காப்பாத்தணும்னு நீ உள்ள போயிட்டா, அக்காவை யாரு பாக்கிறது தம்பி?' என்று மட்டும் கேட்டார். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுக்கு அவர் சொன்னது எல்லாம் எளிய விஷயங்கள். பழையதை இப்போது அழிக்காதே. வழக்கு வந்த பிறகு அழித்தால் மறைத்தாய் என்ற அனுமானத்துக்கு இடம் கொடுக்கும். சான்றாக வரவேண்டியதை வேண்டுமென்றே அழிப்பது தனிக்குற்றமும் ஆகும். கடவுச்சொல்லை மாற்று, உன் வாட்ஸ்அப் வேறு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறது என்று பார், ஒரே மின்னஞ்சலை இரண்டு பேரும் வைத்திருந்ததை விடு. அவன் மிரட்டி அனுப்பிய செய்திகள் இருந்தால் படம் பிடித்தது மட்டும் போதாது, அந்தக் கைபேசியையே பத்திரமாக வை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் தாக்கல் செய்பவர் எழுதும் பகுதி ஒன்று, நிபுணர் எழுதும் பகுதி ஒன்று. வழக்கைப் பற்றி ஒரு வரியும் போடாதே. உன் சொந்தக்காரர்களையும் போடவிடாதே. பிள்ளையின் படம், பள்ளிக்கூடச் சீருடை, பள்ளியின் பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குமேல் அவனுக்குப் பதில் எழுதாதே. எழுதவேண்டியிருந்தால் நீதிபதி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுது.

இந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தொந்தரவு செய்தது. ஒவ்வொரு வரியையும் ஒரு நீதிபதி படிப்பதாக நினைத்து எழுதுகிற பாஷை எப்படி இருக்கும்? ஜாடை இருக்காது. கோபம் இருக்காது. கிண்டல், பழமொழி, மிகைப்படுத்தல், அழுகை எதுவும் இருக்காது. 'ஞாயிறு காலை 10 மணிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். மாலை 6 மணிக்குள் விட்டுவிடவும்.' அவள் அப்படித்தான் எழுதினாள், இரண்டு வருஷம். நான் சில செய்திகளைப் பார்த்தேன். எந்தப் பிழையும் சொல்ல முடியாத வாக்கியங்கள். பேச்சுக்குப் பேச்சு சொலவடை சொல்கிற ஒரு பெண் எழுதியவை என்று நம்ப முடியாதபடி இருந்தன.

நம்மில் சிலர் சிரிக்கலாம். 70களிலும் 80களிலும் சிறுபத்திரிகைகளில் வந்த சர்ச்சைகளில் பாதி ஜாடைதான். 'சமீபத்தில் ஒரு விமர்சகர்', 'தன்னைக் கவிஞர் என்று நம்பும் ஒருவர்' என்று பெயர் போடாமல் எழுதியவற்றைச் சில நூறு பேர் படித்தோம்; அந்தச் சில நூறு பேருக்கும் ஆள் தெரிந்திருந்தது. அவற்றில் யாருடைய குழந்தையும் பணயமாக இல்லை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஜாடையை ரசிக்க என்னால் இப்போது முடியவில்லை.

இந்த வழக்கில் குழந்தை இருந்தது. எட்டு வயசு. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசைத் தாண்டி, வேகமாகப் படிக்கிற வயசு. ஒரு நாள் விளையாட்டுக்காக அம்மாவின் கைபேசியை எடுத்தவள், தகப்பன் வழி அத்தை போட்டிருந்த ஸ்டேட்டஸைத் திறந்துவிட்டாள். 'பெத்தா மட்டும் தாயாகிட முடியாது.' பெயர் இல்லை. படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கைபேசியைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்துவைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். 1956ஆம் வருஷத்துச் சட்டம் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. நலன் என்ற சொல் எத்தனையோ தீர்ப்புகளில் விளக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதன் அர்த்தம் அந்தக் கவிழ்த்துவைத்த கைபேசியில் இருந்தது. ஜாடைப் பேச்சை வாசலில் நின்று கேட்ட பிள்ளைகள் பாதி புரியாமல் வளர்ந்து, வளர்ந்தபின் மறந்தார்கள். இந்தப் பிள்ளை இருபது வயசிலும் தேடினால் கிடைக்கும். வக்கீல் சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் நீதிபதி என்ற வாசகருக்காக. குழந்தை என்ற வாசகர் அவரைவிடத் தாமதமாக வருவார். அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆகவே நான் வக்கீல் பக்கம்தான் நின்றேன். இன்றைக்கும் நிற்கிறேன். ஆனால் இந்த எச்சரிக்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் கணவன் வீட்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில், கல்யாணப் பந்தியில், எட்டயபுரம் பஸ்ஸில், கிடாவெட்டில். அவள் நடத்தையைப் பற்றி, அவள் ராத்திரி யாரோடு பேசினாள் என்பது பற்றி. அந்தப் பேச்சுக்குத் தேதி இல்லை, பார்த்தவர் பட்டியல் இல்லை, படம் பிடிக்க முடியாது. எந்தச் சான்றிதழோடும் அது நீதிமன்றத்துக்கு வராது. வீட்டை விட்டு வெளியே நின்று பேச இடமில்லாதவள் கைபேசியில் பேசினாள். கைபேசி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது. ஊர் முழுக்க நின்று பேச இடமிருந்தவன் காற்றில் பேசினான். காற்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சான்று மட்டும் ஒருத்தியிடமே மிஞ்சுகிறது.

'அப்ப நான் எங்க மாமா சொல்ல?' என்று ஒருமுறை கேட்டாள். நாட்குறிப்பு எழுதிக்கொள்ளலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ஒருநாள் ஆவணமாகலாம் என்று தோன்றிச் சொல்லவில்லை. 'எங்கிட்டச் சொல்லு' என்றேன். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் வந்தாள். சொன்னாள். ஜாடையாக அல்ல, பேர் சொல்லி, ஊர் சொல்லி, தேதி சொல்லி. கேட்டதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி, அதே ஊர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன; அவற்றைப் பெற்றுக்கொண்ட கி. ரா.வேதான் தொகுத்தார். கடிதத்துக்கு மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறார். அதை வைத்துக்கொள்வதா, கிழிப்பதா, வெளியிடுவதா என்ற பொறுப்பு அவருடையது. ஸ்டேட்டஸுக்கு மறுமுனை இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை. ஜாடை இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு ஏற்பாட்டில் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது.

கடைசியில் சமரசத்தில் இரண்டு பேரும் இசைந்து பிரிந்தார்கள். பிள்ளை தாயிடம், தகப்பன் வந்து பார்க்கலாம். ஒருவரைப் பற்றி ஒருவரோ, பிள்ளையைப் பற்றியோ எதையும் வெளியிடுவதில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காலத்தில் தென்மாவட்டத்துச் சில சாதிகளில் துரும்பைக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. துரும்புக்கு முன்னால் பேசியதெல்லாம் துரும்போடு போகும் என்பது பஞ்சாயத்தின் நம்பிக்கை. இன்றைக்குத் துரும்புக்குப் பதில் கையெழுத்து. பேசியது மட்டும் போவதில்லை.

கையெழுத்துப் போட்ட பிறகும் அவள் பழையபடி பேசுவதில்லை. ஏதாவது கேட்டால் ஒரு கணம் யோசித்து, நேரடியாக, சுருக்கமாகப் பதில் சொல்கிறாள். நல்ல மாற்றம் என்கிறார்கள் வீட்டில். பக்குவம் வந்துவிட்டதாம். இருக்கலாம். எச்சரிக்கை அவளுக்குக் குழந்தையைக் கொடுத்தது, சொலவடையை எடுத்துக்கொண்டது. இந்த வியாபாரம் நியாயமானதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதில் இழந்தது ஒரு பெண்ணின் சொந்த வழக்கம் மட்டுமல்ல. அதிகாரம் இல்லாதவர்கள் அடிபடாமல் பேசுவதற்கென்று இந்த மண் வைத்திருந்த ஒரு வழி அது. சொல்லிவிட்டுப் பின்வாங்கும் வழி. நீதிமன்றத்தின் பாஷையில் அதற்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. நம்முடைய பாஷையிலாவது அதன் இழப்புக்குக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.